பஞ்சாமிர்தம் கெடாதிருக்கும் இரகசியம்
ஐந்து பொருள்களின் தூய்மையும் உணவு அறிவியலும்

கெடா மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது பண்டார் பாரு. ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தார். ரப்பர் தோட்டங்களாக இருந்து செம்பனைத் தோட்டங்களாக மாறிய இவ்வட்டாரத்தில், முருகப் பெருமானுக்குரிய விழா நாள்களில் அபிஷேகமும் அன்னதானமும் காவடியும் தோட்டத்து மக்களை ஓரிடத்தில் கூட்டுகின்றன. அன்று ஏழை, செல்வர் என்ற பேதமின்றி அனைவர் கையிலும் விழும் ஒரே பிரசாதம் பஞ்சாமிர்தம்.

ஆனால், விழா முடிந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வீட்டில் டப்பாவைத் திறந்தால் புளித்த வாடையும் நுரையும் எழுவதுண்டு. பிரசாதமாயிற்றே என்று எறியவும் மனம் வராது. பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் அச்சமாக இருக்கும். பழநியிலிருந்து வரும் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாதிருக்க, இங்கே கலந்தது மட்டும் ஏன் விரைவில் கெடுகிறது? இதற்கு உணவு அறிவியல் தெளிவான விடை தருகிறது.

பழநி காட்டும் வழி

பழநி பஞ்சாமிர்தத்திற்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தமிழகத்தில் அச்சிறப்பைப் பெற்ற முதல் கோயில் பிரசாதம் அதுவே. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பசு நெய், ஏலக்காய் ஆகிய ஐந்துமே அதன் அடிப்படை. பேரீச்சை, கற்கண்டு போன்றவை துணைப் பொருள்கள். ஒரு துளித் தண்ணீரும் சேர்ப்பதில்லை. கெடாமல் காக்கும் இரசாயனம் எதுவும் இடுவதில்லை. மலை வாழையான விருப்பாட்சிப் பழம் நீர்ப்பதம் குறைந்தது என்பதாலேயே பெரியோர் அதனைத் தேர்ந்தனர். ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பழநிக்குச் செல்வதும் யாவரும் அறிந்ததே. முடிக்கொத்து நோயால் விருப்பாட்சி வாழை பெரிதும் அழிந்தபோது, திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உருவாக்கி அதனை மீட்க அறிவியலாளர் முயன்றனர். பிரசாதத்தின் தரம் வயலிலேயே தொடங்குகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கட்டுண்ட நீர்

ஓர் உணவில் எவ்வளவு நீர் உள்ளது என்பதைவிட, அந்நீர் கிருமிகளுக்குக் கிட்டும் நிலையில் உள்ளதா என்பதே முக்கியம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் 1950களில் இவ்வுண்மையை நிலைநாட்டினார். இதனை 'நீர்ச் செயல்திறன்' என்பர். தூய நீரின் அளவு 1. அது 0.91க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருகுவதில்லை. 0.80க்குக் கீழே பெரும்பாலான பூஞ்சணங்களும் அடங்கிவிடும். 0.60க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகாது.

பழுத்த வாழைப்பழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர்தான். சர்க்கரையும் தேனும் அந்நீரைத் தம்மோடு கட்டிப் பிடித்துக் கொள்கின்றன. நீர் இருந்தும் கிருமிக்கு அது கிட்டாமற் போகிறது. பஞ்சாமிர்தம் கெடாதிருக்கும் இரகசியம் இதுவே.

இனி, இங்கு நேரும் பிழை விளங்கும். அழகுக்காகவும் அளவு பெருகுவதற்காகவும் ஆப்பிள், திராட்சை, ஆரஞ்சு முதலியவற்றை நறுக்கிச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. இப்பழங்களில் வாழையைவிட நீர் அதிகம். அவற்றின் சாறு கசிந்ததும் சர்க்கரையின் பிடி தளர்கிறது. ஈஸ்ட் பெருகி நுரைக்கிறது. இவ்வாறு கலந்ததை அன்றே உண்டு முடிப்பதுதான் முறை. அபிஷேகம் செய்து எடுத்ததும் அவ்வாறே. பாலும் நீரும் அதனோடு கலந்திருப்பதால், வைத்திருந்து உண்ண அது ஏற்றதன்று.

பொருளறிந்து வாங்குதல்

நெய்: பால் கொழுப்புக்கே உரிய பியூட்ரிக் அமிலத்தைக் கொண்டு கலப்படத்தைக் கண்டறியும் ரைக்கர்ட்–மைசல் சோதனை 19ஆம் நூற்றாண்டு முதலே உள்ளது. நல்ல நெய்யில் நீர் மிகக் குறைவு. ஆகவே அதில் கிருமி வளராது. ஆனால், காற்றும் வெளிச்சமும் பட்டால் காறல் ஏறும். செம்பும் இரும்பும் அக்காறலை விரைவுபடுத்தும். எனவே ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களை விடுத்து எவர்சில்வர் பாத்திரத்தில் கலப்பது நலம்.

தேன்: உலகத் தர விதிகளின்படி பொதுவாகத் தேனில் நீர் 20 விழுக்காட்டிற்கு மேல் இருத்தலாகாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் வீட்டுச் சோதனை நம்பத்தக்கதன்று. கரும்பு, சோளச் சர்க்கரைக் கலப்பைக் கார்பன் அணுக்களின் வகையைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில்தான் உறுதி செய்ய இயலும். ஆதலால், விவரச் சீட்டு ஒட்டிய, நம்பகமான இடத்துத் தேனையே வாங்க வேண்டும்.

சர்க்கரை: வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. மழைக்காலத்தில் கசிந்து பிசுபிசுக்கும் வெல்லம் பஞ்சாமிர்தத்திற்கு நீரையே கொண்டு சேர்க்கும். பளிச்சென்று மஞ்சளாக மின்னும் வெல்லம் இரசாயனத்தால் வெளுக்கப்பட்டதாக இருக்கலாம். பழுப்பு நிறமே இயல்பானது.

பழம்: இங்கு எளிதில் கிடைக்கும் ரஸ்தாளியும் பிசாங் மாசும் நன்கு பழுத்தும் அழுகாமலும் இருத்தல் வேண்டும். பழங்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்னரே தோலுரிக்க வேண்டும்.

ஈரக் கரண்டி

பொருள் அனைத்தும் தூயதாக இருந்தும் ஓர் ஈரக் கரண்டி எல்லாவற்றையும் பாழாக்கிவிடும். அதில் ஒட்டிய நீர் மேற்பரப்பில் தங்கி, அவ்விடத்தில் கிருமிக்கு இடமளிக்கிறது. கழுவிய டப்பாவை உலர்த்தாமல் நிரப்புவதும் அத்தகையதே. கலப்போர் கைகளைச் சுத்தமாகக் கழுவித் துடைத்திருத்தல் வேண்டும். மலேசியாவின் 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகள் உணவு வணிகத்தில் ஈடுபடுவோருக்குப் பயிற்சியையும் டைபாய்டு தடுப்பூசியையும் கட்டாயமாக்கியுள்ளன. ஆலய மடைப்பள்ளியில் தொண்டு புரிவோரும் அவ்வொழுக்கத்தைத் தாமாகவே மேற்கொண்டால் பக்தர்களுக்குப் பெருநன்மை விளையும். டப்பாவின் மேல் கலந்த தேதியை எழுதி ஒட்டுவதற்குச் செலவு ஏதுமில்லை.

இன்னும் ஒன்று. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதனையும் ஊட்டக் கூடாது என்று உலகெங்கும் மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். தேனில் சில வேளை உறைந்திருக்கும் பாட்டுலினக் கிருமியின் வித்துகள் பச்சிளம் குடலில் முளைத்து நஞ்சாகலாம். பிரசாதம் என்ற அன்பினால் நாவில் தடவுவதையும் தவிர்த்து, குழந்தையின் நெற்றியில் திருநீறு இட்டால் போதுமானது.

உபயகாரர்கள் பெருந்தொகை செலவிட்டு விழா எடுக்கின்றனர். பந்தலும் மின்விளக்கும் ஓரிரவில் கழற்றப்படும். பிரசாதமோ வீடுதோறும் சென்று, நோயுற்ற முதியவரின் நாவிலும் பள்ளிப் பிள்ளையின் கையிலும் சேர்கிறது. அளவைக் குறைத்தேனும் தரமான ஐந்து பொருள்களை வாங்கித் தருவதே சிறந்த உபயம். ஆண்டவனுக்குப் படைப்பது அடியார்க்கு அமுதாகட்டும். எல்லாம் வல்ல முருகன் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக!