காவோரு (ஜப்பானியப் பெயர்)

காவோரு என்பது ஜப்பானில் ஆண், பெண் இருபாலருக்கும் இடப்படும் பெயராகும்.

பொருள்

'காவோரு' ஒரு வினைச்சொல். நறுமணம் கமழ்தல் என்பது இதன் பொருள். ஜப்பானிய வினைகளில் பால் காட்டும் விகுதி இல்லை. பெண் பெயர்கள் பலவற்றின் இறுதியில் வரும் 'கோ', ஆண் பெயர்கள் பலவற்றின் இறுதியில் வரும் 'ரோ' ஆகியனவும் இப்பெயரில் இல்லை. எனவே இது இருபாலருக்கும் பொருந்துகிறது. 'கோ' சேர்த்துக் 'காவோருகோ' என்றால் அது பெண் பெயராகிவிடும். நறுமணம் எனப் பொருள்படும் 'காவோரி' என்ற பெயர்ச்சொல்லும் பெரும்பாலும் பெண்களுக்கே இடப்படுகிறது.

எழுதும் முறை

ஒலி ஒன்றாயினும் எழுத்து ஒன்றன்று. சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளுள் இரண்டு இப்பெயருக்கு மிகுதியாகப் பயன்படுகின்றன. ஒன்று, புல்பூண்டைக் குறிக்கும் உறுப்பைத் தலையில் கொண்டது. இளந்தளிர்களின் ஊடே வரும் கோடைத் தொடக்கக் காற்றைக் குறிக்கும் சொல்லிலும் இவ்வெழுத்தே உள்ளது. மற்றொன்று, தொலைவு வரை பரவும் மணத்தைக் குறிப்பது. நற்பெயர் எங்கும் பரவுதல் என்ற கருத்தும் அதில் அடங்கும்.

இலக்கியத்தில்

11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி சிக்கிபு என்ற பெண்மணி எழுதிய 'கெஞ்சியின் கதை' 54 அத்தியாயங்கள் கொண்டது. அதன் இறுதிப் பகுதியின் தலைவன் காவோரு. அவனுடைய உடலே இயற்கையாக மணம் வீசியதால் அப்பெயர் பெற்றான். அவனுக்குப் போட்டியான இளவரசனோ ஆடைகளுக்கு நறும்புகை ஊட்டி மணம் பெற்றவன். பூசிக்கொள்ளாமல் தானே வெளிப்படும் நற்பண்பு என்னும் இக்கருத்தே இப்பெயரின் ஈர்ப்பு எனலாம்.

இப்பெயர் கொண்டோர்

ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னே வரும்.

இனோவே காவோரு (1836–1915): மெய்சி கால வெளியுறவு அமைச்சர்.
இசிகாவா காவோரு (1915–1989): தரக் கட்டுப்பாட்டில் பயன்படும் மீன்முள் வரைபடத்தை உருவாக்கியவர்.
யாச்சிகுசா காவோரு (1931–2019): திரைப்பட நடிகை.
மித்தோமா காவோரு: காற்பந்து வீரர்.

முதல் இருவரும் தொலைவு பரவும் மணத்தின் எழுத்தைக் கொண்டவர்கள். நடிகையின் பெயருக்கும் காற்பந்து வீரரின் பெயருக்கும் எழுத்து ஒன்றே. ஆகவே எழுத்தைக் கண்டும் பாலை அறிய இயலாது. ஜப்பானியர் இருபாலருக்கும் பொதுவான 'சான்' என்னும் மதிப்புச் சொல்லைச் சேர்த்து 'காவோரு-சான்' என அழைப்பதால் அவர்களுக்கு இடரில்லை. தமிழில் எழுதுவோர், அவர் யார் என்பதை உறுதி செய்த பின்னரே 'நடிகர்', 'நடிகை' போன்ற சொற்களை இடுதல் வேண்டும். அதுவரை 'அவர்' என்பதே பொருத்தம்.