கத்திக்குப் பிடி போடும் முன்

கத்தியின் அலகு மழுங்கினால் சாணை பிடிக்கலாம். ஆனால், வேலை நடக்கும்போது பிடி கழன்றால் என்ன ஆகும்? கத்தி நழுவும். விரல் வெட்டுப்படும். உழைத்துப் பிழைப்பவருக்குக் கைதான் சொத்து. அதனால் அலகைப் போலவே பிடியையும் கவனிக்க வேண்டும்.

பிடி ஏன் ஆடுகிறது? ஏன் பிளக்கிறது? செய்தவர் சரியாகச் செய்யவில்லை என்று நினைக்கிறோம். பல நேரம் காரணம் வேறு. மரம் சரியாகக் காயவில்லை.

எந்த மரம் நல்லது?

பிடிக்குக் கனமான, கெட்டியான மரம் வேண்டும். பஞ்சாப், உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலங்களில் சீசம் மரம் உண்டு. ஆற்றங்கரையிலும் சாலை ஓரத்திலும் அது வளரும். தெற்கே வளரும் ஈட்டி மரத்துக்கு அது நெருங்கிய சொந்தம். கருவேலமும் புளியும் பல மாநிலங்களில் கிடைக்கும். காய்ந்த கருவேல மரம் ஒரு கன அடி சுமார் 22 கிலோ எடை இருக்கும். கருங்காலியின் கறுத்த நடுப்பகுதி தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்.

மரத்தின் நடுவில் நிறம் கூடிய பகுதிக்கு வைரம் என்று பெயர். ஓரத்தில் வெளுத்த பகுதி வெளிறு. வெளிற்றைப் பூச்சி அரிக்கும். பிடிக்கு வைரத்தையே எடுக்க வேண்டும்.

மரம் ஏன் பிளக்கிறது?

மரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் உள்ளன. பச்சை மரத்தில் குழாய்களுக்குள்ளும் நீர் இருக்கும். குழாய்ச் சுவர்களிலும் நீர் ஊறி இருக்கும். முதலில் உள்ளே இருக்கும் நீர் வெளியேறும். அப்போது மரம் சுருங்காது. பிறகு சுவரில் ஊறிய நீர் போகும். அப்போதுதான் மரம் சுருங்கும்.

கட்டையின் இரண்டு முனைகள் வழியாக நீர் வேகமாக வெளியேறும். முனை காய்ந்து சுருங்கும். உள்ளே ஈரம் இருப்பதால் நடுப்பகுதி சுருங்காது. இந்த இழுபறியில் முனை பிளக்கிறது. கெட்டி மரத்தில் உள் ஈரம் வெளியே வர நாள் பிடிக்கும். எனவே அவசரம் கூடாது.

ஈரக் கட்டையில் பிடி போட்டால், பின்னால் மரம் சுருங்கும். இரும்பு சுருங்காது. பிடி ஆடும், அல்லது பிளக்கும்.

உலர்த்துவது எப்படி?

1. பிடியின் அளவை விடச் சற்றுப் பெரியதாகக் கட்டையை அறுக்க வேண்டும். நீளத்தில் 1 அங்குலம், அகலத்திலும் கனத்திலும் கால் அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்.

2. இரண்டு முனைகளையும் உருக்கிய மெழுகில் தோய்க்க வேண்டும். மெழுகுக் கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து உருக்குவது நல்லது. நேரே அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கலாம்.

3. காற்றோட்டமான நிழலில் அடுக்க வேண்டும். கட்டைகளுக்கு இடையே சிறு குச்சிகளை வைக்க வேண்டும். வெயிலிலோ அடுப்பின் மேலோ வைக்கக் கூடாது.

4. வாரம் ஒரு முறை எடை போட வேண்டும். தேதியையும் எடையையும் கட்டையிலேயே பென்சிலால் எழுதி வைக்கலாம். முதலில் 240 கிராம் இருந்த கட்டை 215, 190, 175 எனக் குறைந்து வரும். பல வாரங்கள் 170 கிராமிலேயே நின்றால் கட்டை காய்ந்துவிட்டது என்று பொருள்.

ஒரு அங்குலப் பலகை இயற்கையாகக் காய ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். சிறு கட்டை அதற்கு முன்பே காயும். மழைக் காலத்தில் காய்ந்த மரமும் ஈரத்தை இழுக்கும். அந்த நாட்களில் பிடி போடாமல் இருப்பது நல்லது.

பொருத்தும்போது

மரத்தின் ரேகை பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். ஆணியை நேரே அடித்தால் கெட்டி மரம் பிளக்கும். முதலில் துளை போட்டு, பிறகு ஆணியை நுழைக்க வேண்டும். அரக்கு ஊற்றிப் பொருத்திய பிடியைச் சுடுநீரில் போடக் கூடாது. அரக்கு இளகிவிடும்.

உப்புத்தாளால் தேய்த்த பின் ஆளி விதை எண்ணெய் பூசலாம். அது காற்றுப் பட்டு இறுகும். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது.

எச்சரிக்கை

சீசம், ஈட்டி மரத் தூள் சிலருக்கு அரிப்பும் மூச்சுத் திணறலும் தரும். கெட்டி மரத் தூளைப் பல ஆண்டுகள் சுவாசித்தால் மூக்கில் புற்றுநோய் வரலாம். வாயையும் மூக்கையும் நன்றாக மூடிக்கொண்டு, திறந்த வெளியில் தேய்க்க வேண்டும்.

ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போட வேண்டும்.

காட்டில் அனுமதி இல்லாமல் மரம் வெட்டுவது குற்றம். பல மாநிலங்களில் சொந்த நிலத்து மரம் சிலவற்றை வெட்டவும் அனுமதி வேண்டும். பிடிக்குத் தேவை சிறு துண்டுதான். மர அறுவை மில்லிலும் தச்சுப் பட்டறையிலும் மீந்த துண்டுகள் கிடைக்கும். உடைந்த கட்டில் காலும் பழைய வண்டிச் சக்கரமும் பல ஆண்டுகள் காய்ந்த மரம். அவற்றிலிருந்தும் நல்ல பிடி செய்யலாம்.

உங்கள் வீட்டுக் கத்தியை எடுத்துப் பாருங்கள். பிடி ஆடுகிறதா? விரிசல் தெரிகிறதா? அப்படியானால் இன்றே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.