‘நான்காவது சமத்துவ நாடு’: காரணையிலிருந்து ஒரு வாசிப்பு

உலகில் சமத்துவம் மிகுந்த நாடுகளில் இந்தியா நான்காவது இடத்தில் இருப்பதாக 2025 ஜூலையில் ஒன்றிய அரசு ஒரு குறிப்பு வெளியிட்டது. ஆதாரம், உலக வங்கியின் ஜினி குறியீடு. எல்லோருக்கும் சமமெனில் அது சுழியம். அனைத்தும் ஒருவர் கையிலெனில் 100. இந்தியா 25.5, சீனா 35.7, அமெரிக்கா 41.8. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடற்கரையை அடைத்து நிற்கும் விடுதிச் சுவர்களையும், அங்கே வேலைக்குச் செல்வோரின் சேரிகளையும் அறிந்த எவருக்கும் இந்த வரிசை வியப்பளிக்கும்.

கோளாறு எங்கே? அமெரிக்காவின் எண் மக்களின் வருமானத்தை அளந்து பெறப்பட்டது. இந்தியாவின் எண்ணோ 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. விடுதியில் அறை துடைக்கும் பெண், கூலியாகப் பெறும் அனைத்தையும் அரிசிக்கும் வாடகைக்கும் வட்டிக்கும் செலவிட்டுவிடுகிறார். முதலாளி தம் வருமானத்தில் சிறு பகுதியையே செலவிடுகிறார். எஞ்சியது நிலமாகவும் பங்குகளாகவும் சேர்கிறது. செலவை மட்டும் அளந்தால் இருவருக்குமான இடைவெளி சுருங்கித்தான் தெரியும். படியால் அளந்ததையும் தராசில் நிறுத்ததையும் ஒரே பத்தியில் எழுதி, எது பெரிது என்று கேட்பது போன்றது இது. உலக சமத்துவமின்மைத் தரவுத்தளத்தின்படி இந்தியாவின் வருமான ஜினி 2004இல் 52 ஆக இருந்து 2023இல் 62 ஆக உயர்ந்தது என்பதையும் அதே உலக வங்கி அறிக்கை கூறுகிறது. அரசுக் குறிப்பு அந்த வரியைக் கடந்து சென்றுவிட்டது.

வருமான ஜினியும் நமக்குப் போதாது. அதில் சாதி இல்லை. 2015-16 தரவுகளைச் சாதிவாரியாகப் பிரித்துப் பார்த்த ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2021ஆம் ஆண்டு பல்பரிமாண வறுமை அறிக்கை, பழங்குடியினரில் 50.6 விழுக்காட்டினரும், பட்டியல் சாதியினரில் 33.3 விழுக்காட்டினரும் வறுமையில் இருப்பதைக் காட்டியது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் எனும் எந்தப் பிரிவிலும் சேராதோரில் அது 15.6 விழுக்காடு. தேசிய சராசரியை மட்டும் வைத்திருந்தால் இந்த இரு மடங்கு வேறுபாடு நம் கண்ணில் பட்டிருக்காது.

நிலத்தின் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஏற்றத்தாழ்வில் உலகின் உச்சியில் இருக்கும் தென்னாப்பிரிக்காகூட 2017இல் நிலத் தணிக்கை நடத்தி, தனிநபர் வசமுள்ள விவசாய நிலத்தில் 72 விழுக்காடு வெள்ளையரிடமும் 4 விழுக்காடு மட்டுமே கறுப்பின ஆப்பிரிக்கரிடமும் உள்ளதை வெளிப்படையாக அறிவித்தது. இந்திய வேளாண் கணக்கெடுப்பு சாகுபடி செய்வோரைச் சமூகவாரியாக எண்ணுகிறது: மக்கள்தொகையில் 16.6 விழுக்காடான பட்டியல் சாதியினரிடம் உள்ள சாகுபடிப் பரப்பு 9 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் யார் நிலம் யார் கைக்குப் போனது என்பதை அது சொல்வதில்லை.

அந்தக் கேள்வியை முதலில் எழுப்பிய மண் செங்கல்பட்டுதான். மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் இம்மாவட்டப் பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரரின் பிடியில் இருந்ததை அது பதிவு செய்தது. எதிர்த்துப் பேசினால் வீடே போய்விடும் என்ற நிலை. 1892இல் நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகக் கூறப்படும் பஞ்சமி நிலங்களின் தொடக்கம் இதுவே. ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதோருக்கு அதை விற்கக் கூடாது என்பது நிபந்தனை. நூறாண்டுகளுக்குப் பின், காரணை பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோர் உயிரிழந்தனர்.

வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிவாரிக் கணக்கும் இடம்பெறும் என 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு முடிவெடுத்தது. வரவேற்போம். அத்துடன், பஞ்சமி நிலம் ஒவ்வொன்றின் இன்றைய பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதைப் புல எண்ணோடு மாநில அரசு வட்டவாரியாக வெளியிட வேண்டும் எனக் கோருவோம். திருப்போரூர், திருக்கழுக்குன்றம் வட்டங்களிலிருந்து அதைத் தொடங்கலாம்.