பிள்ளைகளுக்கு ஒரு நாள் உல்லாசம், பெற்றோருக்குக் கடன் இல்லாமல்!

பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “இந்த லீவுக்கு எங்கே போகிறோம்?” என்பதுதான் அது. சில தந்தையர் “பார்க்கலாம்” என்று சொல்லி நழுவிவிடுவார்கள். வேறு சிலர் பிள்ளையின் முகம் வாடப் பொறுக்காமல் கைமாற்று வாங்கியாவது கூட்டிப் போய், ஆறு மாதம் அதன் வட்டியைக் கட்டுவார்கள். இந்த இரண்டுமே வேண்டாம். முறையாகத் திட்டமிட்டால், நம்மைப் போன்ற உழைக்கும் குடும்பமும் கேளிக்கைப் பூங்காவுக்குத் தலைநிமிர்ந்து போய் வரலாம்.

“அதெல்லாம் பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு?” என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளி திறந்ததும் ‘நான் சென்ற சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொல்வது எங்கள் வழக்கம். எங்கும் போகாத பிள்ளை என்ன எழுதும்? பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்க்கும். இல்லாவிட்டால் போகாத ஊருக்குப் போனதாக எழுதும். அந்தக் கட்டுரையைத் திருத்தும்போது சிவப்புப் பேனா ஓடுவதில்லை. வருடம் முழுதும் விடியுமுன் வேலைக்குப் போகும் தாய் தகப்பனோடு பிள்ளை சேர்ந்து சிரிக்கும் ஒரு நாள் வீண் செலவு ஆகாது. ஆனால் அந்த நாளைக் கடனில் வாங்கக்கூடாது.

எப்படி வந்தன இந்தப் பூங்காக்கள்?

நம் முன்னோருக்குத் தோட்டத்துக் கோயில் திருவிழாதான் கேளிக்கை. ராட்டினமும், திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படமும் போதுமாக இருந்தன. பட்டணத்தில் இருந்தவர்களுக்கு வேறு வாய்ப்பு இருந்தது. சிங்கப்பூரில் 1923ஆம் ஆண்டிலேயே ‘நியூ வோர்ல்டு’ என்ற கேளிக்கைத் திடல் தோன்றிவிட்டது. பிறகு ‘கிரேட் வோர்ல்டு’, ‘ஹேப்பி வோர்ல்டு’ என்று இரண்டு சேர்ந்துகொண்டன.

அதற்கும் முன்பே, டென்மார்க் நாட்டின் கோப்பன்ஹேகன் நகரில் 1843இல் ‘டிவோலி’ பூங்கா திறக்கப்பட்டது. இன்றும் அது நடக்கிறது. வால்ட் டிஸ்னி கலிபோர்னியாவில் ‘டிஸ்னிலாந்து’ பூங்காவைத் திறந்தது 1955இல். பிள்ளைகள் ராட்டினத்தில் சுற்ற, பெற்றோர் பெஞ்சியில் சும்மா உட்கார்ந்திருப்பதா, எல்லாரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டாமா என்ற எண்ணமே அவரை அதற்குத் தூண்டியதாம். ஆகவே, பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே காத்திருப்பவர்கள், கொடுத்த காசில் பாதிப் பயனைத்தான் அடைகிறார்கள்.

புக்கிட் ரம்பாயிலிருந்து எங்கே போகலாம்?

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். முதலில் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். நம் மலாக்காவிலேயே, அலோர் காஜாவை அடுத்த சிம்பாங் அம்பாட்டில், ‘அ ஃபமோசா’ உல்லாசத்தலத்தில் நீர் விளையாட்டுப் பூங்காவும் விலங்குகளைப் பார்க்கும் சஃபாரியும் உள்ளன. போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்த பின் கட்டிய கோட்டையின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம். தங்கும் செலவு இல்லை. கைக்குழந்தையும் முதியவர்களும் உள்ள வீட்டுக்கு ஆயர் குரோ மிருகக்காட்சிசாலையே போதும்.

சற்றுத் தூரம் போக நினைப்பவர்களுக்கு மூன்று இடங்கள். பண்டார் சன்வேயில் உள்ள ‘சன்வே லகூன்’ ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஈயம் தோண்டி முடித்துக் கைவிடப்பட்ட பள்ளத்தில் எழுந்த நீர்ப் பூங்கா அது. ஜொகூர், இஸ்கண்டார் புத்ரியில் உள்ள ‘லெகோலாந்து’ 2012 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஆசியாவின் முதல் லெகோலாந்து. தூரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இரண்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட இடம் என்பதால், மீசை முளைக்கும் மகனுக்கு அது சலித்துப்போகலாம்.

மூன்றாவது கெந்திங் மலை. லிம் கோ தோங் 1965இல் தொடங்கிய திட்டம். முதல் ஹோட்டல் 1971இல் திறந்தது. நம்மில் பலர் பிள்ளைப் பருவத்தில் பார்த்த பழைய வெளிப்புறப் பூங்கா 2013இல் மூடப்பட்டது. அதன் இடத்தில் 2022 பிப்ரவரியில் ‘ஸ்கைவோர்ல்ட்ஸ்’ திறக்கப்பட்டது. அங்கே குளிரும், பாட்டிக்கும் குழந்தைக்கும் கம்பளிச் சட்டை மறக்காதீர்கள். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்த மலையில் சூதாட்ட மண்டபமும் உண்டு. இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் உள்ளே போக முடியாது. பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு, “ஐந்து நிமிடம்” என்று தந்தை உள்ளே நுழைந்தால், அந்தக் குடும்பத்தின் சுற்றுலா அங்கேயே முடிந்தது.

பணத்தை எப்படிச் சேர்ப்பது?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியோர். பெற்றோர் இருவர், பிள்ளைகள் மூவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளை எடுத்து இப்படிப் பிரியுங்கள்: நுழைவுச் சீட்டுக்கு 500 வெள்ளி, வேன் வாடகையில் உங்கள் பங்கு 250, சாப்பாட்டுக்கு 250, நீச்சல் உடைக்கும் பெட்டக வாடகைக்கும் 100, அவசரத்துக்கு 100. மொத்தம் 1,200 வெள்ளி. இது விலைப் பட்டியல் அன்று, கணக்குப் போடும் முறை. நீங்கள் போகும் இடத்தின் சரியான விலையைக் கேட்டறிந்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் 1,200 வெள்ளியை ஒரே மாதத்தில் எடுத்தால் அடுப்பு எரியாது. ஆனால் வாரம் 25 வெள்ளியாக எடுத்துவைத்தால் 48 வாரத்தில் அந்தத் தொகை சேர்ந்துவிடும். நம்பிக்கையானவர்களோடு கூட்டுப் போடுகிறவர்கள், தங்கள் முறையை விடுமுறை மாதத்துக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கடன் வாங்கினால் என்ன ஆகும்? மாதம் நூற்றுக்குப் பத்து என்று வட்டி கேட்பவனிடம் 1,200 வெள்ளி வாங்கினால், வட்டி மட்டும் மாதம் 120 வெள்ளி. பத்து மாதத்தில் 1,200 வெள்ளி கட்டியிருப்பீர்கள். முதல் அப்படியே நிற்கும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. அந்தக் கணக்கில் ஓராண்டு வட்டியே 216 வெள்ளிதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் சறுக்கு விளையாட்டுக்காக ஆலோங் வீட்டு வாசலுக்கு வந்து நிற்க வேண்டுமா?

எந்த நாளில் போவது?

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் இருப்பவருக்கு 12 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு 16 நாளும் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. இது சலுகை அன்று, உரிமை. முதல் நாள் மாலையில் மண்டோரிடம் போய்த் தலையைச் சொறியாமல், ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை செய்யும் தாய்மாரும் அப்படியே.

பொது விடுமுறையிலும் சனி, ஞாயிறுகளிலும் வரிசை அனுமார் வால்போல் நீளும். பள்ளி விடுமுறையில் வரும் வார நாளே நல்லது. சில பூங்காக்கள் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், புறப்படுமுன் கேட்டுவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் நம் மேற்குக் கரையில் பிற்பகலில் இடி மழை அடிக்கடி வரும். இடி இடித்தால் நீர் விளையாட்டை நிறுத்திவிடுவார்கள். ஆகவே கதவு திறக்கும்போதே உள்ளே போய், பெரிய விளையாட்டுகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சீட்டு, உடை, சாப்பாடு

மலேசியருக்குப் பல பூங்காக்களில் கட்டணம் குறைவு. அதற்கு மைகாட், மைகிட் இரண்டையும் காட்ட வேண்டியிருக்கும்; வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் இன்னும் குறையலாம். கைப்பேசி தெரிந்த மூத்த பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, பூங்காவின் சொந்தப் பக்கத்திலேயே வாங்குங்கள். ‘பாதி விலை’ என்று முன்பின் தெரியாதவர் அனுப்பும் செய்தியை நம்பிப் பணம் போடாதீர்கள்.

சிறு பிள்ளைக்குக் கட்டணம் உண்டா, எந்த விளையாட்டில் ஏறலாம் என்பதையெல்லாம் பல இடங்களில் உயரத்தை அளந்துதான் முடிவு செய்கிறார்கள். வீட்டுக் கதவு நிலையில் கோடு போட்டு அளந்து, “இதில் நீ ஏறலாம், அதில் அடுத்த வருடம்” என்று முன்பே சொல்லிவிடுங்கள். வாசல்வரை போய் அழ நேராது.

நீர்ச் சறுக்கில் ஜீன்ஸ், சேலை, பருத்திச் சட்டை கூடாது என்பார்கள். கூச்சப்படும் தாய்மாருக்கு முழுக்கை நீச்சல் உடை இரவுச் சந்தையிலேயே கிடைக்கிறது. அங்கே போய் வாங்கினால் விலை அதிகம்.

வெளிச் சாப்பாட்டைப் பல பூங்காக்கள் அனுமதிப்பதில்லை. அதனால் கட்டுச்சோறு வீணாகிவிடாது. விடியலில் கட்டிய புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். ஒரு வேளைச் செலவு மிச்சம்.

உயிர் பெரிது

இரண்டு குடும்பம் சேர்ந்து வேன் எடுத்தால் செலவு பாதி. ஆனால் ஓட்டுநருக்கு உரிமமும் வண்டிக்குக் காப்புறுதியும் உண்டா என்று கேளுங்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்ற வேண்டாம். இரவு ஷிப்ட் முடித்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள்.

கர்ப்பிணிகளும், இருதய நோய், இரத்தக் கொதிப்பு, முதுகு வலி உள்ளவர்களும் வேகமான விளையாட்டுகளில் ஏறக்கூடாது. வருடக்கணக்காகச் செம்பனைக் குலை அறுத்த முதுகு அது; நண்பர் கேலி செய்கிறார் என்பதற்காக ஏறாதீர்கள். பயப்படும் பிள்ளையையும் வற்புறுத்தி ஏற்றாதீர்கள்.

தண்ணீரில் காவலர் இருக்கிறார் என்று அசட்டையாக இருக்கக்கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். தொலைந்தால் எங்கே வந்து நிற்பது என்று உள்ளே நுழைந்ததும் காட்டுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பிள்ளையின் உடையில் குத்திவிடுங்கள்.

இன்றிரவே குடும்பத்தோடு உட்காருங்கள். இடத்தைப் பிள்ளைகள் சொல்லட்டும். கணக்கை அம்மா எழுதட்டும். லீவு நாளை அப்பா குறிக்கட்டும். காலி மைலோ டின் ஒன்றில் துளை போட்டு, முதல் வெள்ளியைக் கடைக்குட்டி கையால் போடச் சொல்லுங்கள். இனிப்பு வாங்க வைத்திருந்த காசை அந்தப் பிள்ளை தானாகவே டின்னில் போடும் நாள் வரும். சிக்கனத்தைப் பற்றி வகுப்பில் நாங்கள் நடத்தும் பத்துப் பாடங்களுக்கு அது சமம்.