நரைத்த பிறகும் நாலு சுற்று

மும்பை தாராவியின் 90 அடி ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பினால் டூ-வீலர் ஷெட்டுகள். அவற்றில் ஒன்றில், ஐம்பத்தைந்தைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் பழைய டூத் பிரஷ்ஷால் கார்புரேட்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பூர்வீகம் திருநெல்வேலி. வாலிபத்தில் சோழவரம் ஓடுதளத்தில் பைக் ஓட்டியவர். இடது மணிக்கட்டு முழுசாக மடங்காது.

“துபாய்ல அவரு கார் மோதினதை போன்ல பாத்தேன், அண்ணாச்சி. மறுபடி ஏறிட்டாருல்லா! அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.”

‘அவரு’ யாரென்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நடிக்க வருமுன் டூ-வீலர் மெக்கானிக் வேலை பழகிய அஜித்குமார், 2010-இல் ஐரோப்பாவில் ஃபார்முலா 2 ஓட்டினார். நீண்ட இடைவெளிக்குப் பின், 2025 ஜனவரியில், 53 வயதில், சொந்த அணியோடு துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார். பயிற்சியில் கார் தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்றது. காயமில்லாமல் இறங்கியவர், சில நாளிலேயே பந்தயத்தில் ஸ்டியரிங் பிடித்தார். அவர் அணிக்கு அதன் பிரிவில் மூன்றாம் இடம்.

இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்கிறவர்கள் உண்டு. அக்கறையில் கேட்கிறார்கள். ஆனால் ஸ்பீட்வே பைக் பந்தயம் வேறு கதை சொல்கிறது.

நீள்வட்ட மண் தளம். நாலு பேர், நாலு சுற்று. 500 சிசி வண்டி, மெத்தனால் எரிபொருள். பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் இழைத்துக்கொண்டே திரும்ப வேண்டும். வளைவுக்கு எத்தனை அடி முன்னால் ஆக்சிலரேட்டரைத் தளர்த்துவது, மண்ணில் எங்கே பிடிப்பு இருக்கிறது என்பதெல்லாம் விழுந்து எழுந்து படிக்கிற பாடம். அமெரிக்காவின் கிரெக் ஹான்காக் 1997-இல் உலகச் சாம்பியன். அடுத்த பட்டத்துக்கு 14 வருடம் காத்திருந்து, 2011-இல் வென்றார். 2014-இல் மூன்றாவது, 2016-இல் 46 வயதில் நான்காவது. மூன்று முறை உலகப் பட்டம் வென்ற ஆஸ்திரேலியாவின் ஜேசன் கிரம்ப் 2012-இல் ஒதுங்கி, 2021-இல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் அணிக்காக மறுபடி ஓட்டினார். அப்போது வயது 45.

அஜித், ஹான்காக், கிரம்ப் மூவருக்கும் திரும்பி வர ஒரு களம் இருந்தது. தளத்தின் ஓரத்தில் ஆம்புலன்ஸ், டாக்டர், உடம்பைச் சுற்றிக் கவசம் இருந்தன. என் கவலையெல்லாம் இங்கேதான். தமிழ்நாட்டில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கார்ப் பந்தய வீரர் கரிவரதன் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இத்தனை லட்சம் பைக் ஓடும் மும்பை நகருக்குள் அப்படி ஒரு பந்தயத் தளம் இல்லை. தளம் இல்லாத ஊரில் வேகம் ரோட்டுக்குத்தான் வரும். நள்ளிரவுக்கு மேல் சயானிலிருந்து செம்பூர் பக்கம் போய்ப் பாருங்கள். ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு பறக்கிற பிள்ளைகளுக்கு, அஜித்தின் வேகம் தெரிகிறது. அவர் உடம்பைக் காத்த கவசம் கண்ணில் படுவதில்லை.

அந்தக் கவசத்தின் அருமையைச் சொல்லித் தரக்கூடியவர்கள் ஷெட்டுகளில் ஸ்பானர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மறுபிரவேசத்துக்கு அவர்களிடம் பணமும் இல்லை, பேரும் இல்லை. காலி மைதானம் ஒன்றை ஞாயிறு காலை மட்டும் மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும். மண் கொட்டி, ஓரத்தில் டயர் அடுக்கி, ஒரு ஆம்புலன்ஸை நிறுத்தினால், இந்தப் பழைய கைகள் நூறு பிள்ளைகளை ரோட்டிலிருந்து உள்ளே இழுத்துவிடும். அந்த மெக்கானிக்குகளுக்கும் அதுதான் இரண்டாவது பந்தயம்.

கிளம்பும்போது, ஷெட்டில் வேலை பழகும் பையன் ஒருவன் ரிப்பேர் முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்க எடுத்தான். மெக்கானிக் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஹெல்மெட்டை நீட்டினார். “விழுந்தா ஹேண்டில் பாரை விட்டுரு. கையை மட்டும் ஊனிராதலே.”

சொல்லிவிட்டு, மடங்காத மணிக்கட்டை அவன் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.