சத்துப்பொடி தின்றால் சதை வளருமா?

உழைக்கிற உடம்பில்தான் அது ஒட்டும்!

டப்பா டப்பாவாகச் சத்துப்பொடி விற்கிறது. "அமினோ அமிலம் நிறைந்தது" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பாலில் கலந்து குடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டால் பயில்வான் ஆகிவிடலாமா?

முடியாது என்கிறது விஞ்ஞானம். ஏன் முடியாது என்பதுதான் ருசிகரமான விஷயம்.

கட்டுவதும் இடிப்பதும்

பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றில் புரதம் இருக்கிறது. வயிற்றிலும் குடலிலும் அது ஜீரணமாகி, அமினோ அமிலங்களாகப் பிரிந்து ரத்தத்தில் கலக்கிறது. புரதத்தில் உள்ள அமினோ அமிலங்கள் 20 வகை. அவற்றில் 9 வகையை உடம்பு தானே தயாரித்துக்கொள்ள முடியாது, உணவிலிருந்துதான் பெறவேண்டும்.

தசை என்பது கட்டி முடித்த வீடு அல்ல. ஒரு பக்கம் கொத்தனார் சுவர் எழுப்புகிறார்; மறுபக்கம் பழைய சுவரை இடிக்கிறார்கள். இரவு பகலாக இந்த வேலை நடக்கிறது. கட்டுவது மிஞ்சினால் சதை வளரும். இடிப்பது மிஞ்சினால் மெலியும். அமினோ அமிலங்கள்தான் செங்கல். செங்கல் வந்து குவிந்தால் மட்டும் போதுமா? கொத்தனார் வேலைக்கு வரவேண்டாமா?

ஆறு பேரிடம் சோதனை

அமெரிக்காவில் கால்வெஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து, 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சிப் பழக்கமே இல்லாத 6 ஆண்களின் ரத்தக் குழாயில் 3 மணி நேரம் அமினோ அமிலக் கரைசலைச் செலுத்தினார்கள். ஓய்வாக இருந்தபோது ஒரு முறை. கால்களுக்குப் பளுப்பயிற்சி கொடுத்த பிறகு ஒரு முறை.

ஓய்வின்போது, தசையில் புரதம் உருவாகும் வேகம் 141 சதவீதம் கூடியது. பயிற்சிக்குப் பிறகோ, 291 சதவீதம் கூடியது! கரைசல் ஒன்றே, பலன் இரட்டிப்பு!

வேலை செய்த தசைக்கு ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. அமினோ அமிலங்கள் விறுவிறுவென்று உள்ளே நுழைகின்றன. தசையின் கட்டுமான வேலையும் முடுக்கிவிடப்படுகிறது. 'லூசின்' என்ற அமினோ அமிலம் அதற்கு இன்னும் வேகம் ஊட்டுகிறது.

பட்டினியோடு பயிற்சி செய்தால்? கட்டுவது கூடும், இடிப்பதும் கூடும். கணக்குப் பார்த்தால் நஷ்டமே. உணவும் சேர்ந்தால்தான் லாபம்.

87 வயதிலும் பலம்!

இது வாலிபர்களுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் தளர்ந்துபோயிருந்த 100 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 1994-ல் வெளியாயிற்று. அவர்களுடைய சராசரி வயது 87. சிலருக்கு 10 வாரம் கால் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை.

பயிற்சி செய்தவர்களின் தசை பலம் 113 சதவீதம் பெருகியது. செய்யாதவர்களுக்கு வெறும் 3 சதவீதம்! பானம் மட்டும் குடித்தவர்களின் பலவீனம் குறையவில்லை.

எப்போது சாப்பிடுவது?

பயிற்சி முடிந்த கையோடு பொடியைக் கரைத்துக் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்று சிலர் பதறுகிறார்கள். அந்தப் பதற்றம் வேண்டியதில்லை. பளு தூக்கிய தசையில் கட்டுமான வேகம் 48 மணி நேரம் கழித்தும் கூடுதலாகவே இருந்ததைக் கால்வெஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் கண்டார்கள். ஆகவே, அடுத்த வேளைச் சாப்பாட்டில் உள்ள பருப்பும் முட்டையும் கூட அந்தத் தசைக்குப் பயன்படும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சத்துப்பொடியைத் தொடக்கூடாது. முதியவர்களும் டாக்டர் யோசனைப்படி, சிறிய பளுவில் தொடங்குவது நல்லது.

மற்றவர்கள் பொடி வாங்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: "இன்று என் கைகால்களுக்கு என்ன வேலை கொடுத்தேன்?"