தம்பிக்கு அனுப்பிய சமவெளி

அரபு எழுத்தணிக் கலைஞர்கள் நாணலைச் சீவி எழுதுகோலாக்கி, அதன் முனை பதிக்கும் ஒரு புள்ளியையே எழுத்துகளின் அளவாகக் கொண்டனர் என்பது வாசகர்கள் அறிந்த செய்தி. அதே நாணலைக் கையிலேந்தி, புள்ளிகளாலும் கோடுகளாலும் ஒரு பெரும் சமவெளியை விரித்துக் காட்டினார் ஹாலந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான்கா.

ஆண்டு 1888; ஜூலை மாதம். தென் பிரான்சின் ஆர்ல் நகருக்கு அருகே, மோன்மஜூர் என்னும் குன்றின் மீது பாழடைந்த பழைய மடமொன்று உண்டு. அங்கிருந்து பார்த்தால் க்ரோ சமவெளி தொடுவானம் வரை தெரியும். அக்காட்சியைக் காண ஐம்பது முறையேனும் சென்றிருப்பதாக வின்சென்ட் எழுதுகிறார். காற்றும் கொசுவும் அலைக்கழிக்க, அங்கிருந்தே வரைந்தார். வரைந்தவற்றுள் ஐந்து பெரிய படங்களைச் சுருட்டி, பாரிஸில் ஓவிய வணிகத்தில் இருந்த தம்பி தியோவுக்குத் தபாலில் அனுப்பினார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 61 செ.மீ. அகலம், 49 செ.மீ. உயரம். பேனாச் சித்திரத்திற்கு இது பெரிய அளவே. அவற்றுள் க்ரோ சமவெளியைக் காட்டும் இரண்டுமே தாம் மையினால் வரைந்தவற்றில் தலைசிறந்தவை என்பது அவரது கருத்து.

இவற்றில் குறியீடு எங்கே இருக்கிறது? வான்கா என்றவுடன் காதறுத்த கதையை நினைவுகூர்ந்து, கோட்டுக்குக் கோடு பித்தும் மரணமும் தேடுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரே தந்த விளக்கம் எளிமையானது. கடல் போன்று எல்லையற்றது இந்நிலம் என்று அவர் ஒரு போர்வீரரிடம் கூறினார். கடலை அறிந்த அவ்வீரரோ, கடலைவிட இதுவே அழகு; ஏனெனில் இங்கே மனிதர் வாழ்கின்றனர் என்றாராம். இவ்விடையை வின்சென்ட் மறக்கவில்லை. கடிதங்களில் எழுதி வைத்தார்.

அதன் பிறகு படத்தைப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வயல்கள், வேலிகள், புள்ளி புள்ளியாகப் புல். அவற்றினிடையே கடுகளவு உழவன் ஒருவன். கதிர்களை ஊடுருவிச் செல்லும் சின்னஞ்சிறு இரயில். படத்திலுள்ள உயிரோட்டம் இவ்வளவே என்று நண்பருக்கு எழுதினார். எல்லையற்ற வெளியில் மனிதன் எத்துணைச் சிறியவன்! ஆயினும் அவன் உழுத சாலின்றி அவ்வெளிக்குப் பொருளில்லை. நான் காணும் குறியீடு இதுவே.

இன்னொன்றும் உண்டு. 1880 முதல் அண்ணனின் உணவுக்கும் வண்ணத்திற்கும் மாதந்தோறும் பணம் அனுப்பியவர் தியோ. அண்ணனுக்கோ அக்கடன் நெஞ்சில் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. எனவே படச்சுருளோடு சென்ற கடிதத்தில் தொடுவானத்தைப் பற்றி மட்டுமன்றி விலையைப் பற்றியும் பேச்சு வருகிறது: வணிகர் கேட்டால் 100 பிராங்கிற்குக் குறைத்துக் கொடுக்கலாகாது! கலை விமர்சகர்கள் இவ்வரியை விரைந்து கடந்துவிடுவர். தம்பியின் உழைப்பில் உண்ட அண்ணன்மார் கடக்கமாட்டார்கள்.

1890 ஜூலையில் வின்சென்ட் மறைந்தார். ஆறே மாதத்தில் தியோவும் மறைந்தார். 1914இல் தம்பியின் உடல் எச்சங்கள் பிரான்சின் ஓவேர் கிராமத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அண்ணன் அருகே அடக்கம் செய்யப்பட்டன. சமவெளிச் சித்திரங்கள் இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. ஒன்று ஆம்ஸ்டர்டாமில் வான்கா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரயில் ஓடும் மற்றொன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்.